ரூவின் நிறம்

வாசிக்கத் தெரிந்தவள் என்று என்னைப் பற்றி நான் கொண்டிருந்த எண்ணம், பதின்வயதினருக்காக எழுதப்பட்ட ஓர் அமெரிக்க நாவலால் குலைந்தது. முப்பது வருஷங்களுக்கு மேலாகப் புத்தகங்களைப் பற்றிப் பேசியும் எழுதியும் வருகிறேன். படைப்பில் என்ன இருக்கிறதோ அதைப் பார்க்க வேண்டும், நமக்கு வேண்டியதை அதில் ஏற்றிப் பார்க்கக் கூடாது என்று பிறருக்கு உபதேசமும் செய்திருக்கிறேன். அந்த உபதேசத்தை ஒரு பதினான்கு வயதுப் பெண் எனக்கே திருப்பிச் சொல்ல நேர்ந்தது. சொல்லக்கூட இல்லை. ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினாள், அவ்வளவுதான்.

2013 கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த அண்ணன் மகள், சுஸான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' நாவலைக் கொண்டு வந்திருந்தாள். 2008இல் வெளியான புத்தகம். முந்தைய வருஷம் சினிமாவாகவும் வந்திருந்தது. "படிச்சுப் பாருங்க அத்தை. உங்களுக்குப் பிடிக்காது, ஆனாலும் படிங்க" என்றாள்.

கெட்டுப்போன எதிர்காலத்தைக் கற்பனை செய்யும் இவ்வகை நாவல்களுக்கு டிஸ்டோப்பியா என்று பெயர். உட்டோப்பியா என்ற பொன்னுலகத்துக்கு நேர் எதிர். காலின்ஸின் துர்உலகம் இது: வட அமெரிக்கா அழிந்த இடத்தில் பானெம் என்றொரு நாடு. செல்வமெல்லாம் குவிந்த ஒரு தலைநகரம், அதற்கு உழைத்துப் போடும் பன்னிரண்டு மாவட்டங்கள். முன்பு நடந்த கலகத்துக்குத் தண்டனையாக, ஒவ்வொரு மாவட்டமும் வருஷந்தோறும் பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அனுப்ப வேண்டும். அந்த இருபத்துநான்கு பேரும் ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். நாடே அதை டெலிவிஷனில் பார்க்கும். சுரங்க மாவட்டமான பன்னிரண்டில், தங்கை ப்ரிம்மின் பெயர் குலுக்கலில் வந்ததும் அவளுக்குப் பதிலாகத் தான் போகிறேன் என்று முன்வருகிறாள் பதினாறு வயது காட்னிஸ். களத்தில் அவளுக்குத் துணையாகச் சேர்கிறவள் பதினோராம் மாவட்டத்துச் சிறுமி ரூ. வயது பன்னிரண்டு. மரத்துக்கு மரம் தாவுகிறவள், பாட்டுப் பிரியை. அவள் ஈட்டி பாய்ந்து சாகிறாள். காட்னிஸ் அவளுடைய உடலைப் பூக்களால் அலங்கரிக்கிறாள்.

எதிர்பார்த்ததற்கு மாறாக நாவல் எனக்குப் பிடித்திருந்தது. ரூ சாகும் இடத்தில் அழுதேன். உடனே இன்னொரு முறை படித்தேன். பிடித்த பகுதிகளை ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைப்பது என் பழைய வழக்கம். இதிலிருந்தும் நாலைந்து பக்கங்கள் எழுதி வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து இருவரும் சேர்ந்து படத்தைப் பார்த்தோம். ரூவாக அமாண்ட்லா ஸ்டென்பெர்க் திரையில் வந்ததும் நான் சொன்னேன்: "என்னடி இது, ரூவுக்குக் கறுப்புப் பொண்ணைப் போட்டுட்டாங்க?"

"புத்தகத்துல அப்படித்தானே அத்தை இருக்கு."

"இல்லே. ரெண்டு தரம் படிச்சேன். அப்படி எங்கேயும் இல்லே."

அவள் வாதாடவில்லை. எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். தேடாமல் நேராக அந்தப் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தாள். ரூவின் தோலும் கண்களும் கரும்பழுப்பு என்று தெளிவாக அச்சாகியிருந்தது. பூடகமில்லை, குறிப்பால் உணர்த்தல் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை படித்தாலும் புரியக்கூடிய சொற்கள்.

இரவு அவள் தூங்கிய பிறகு என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வாக்கியத்தை நான் மொழிபெயர்த்திருந்தேன். கரும்பழுப்புக் கண்கள் என்று என் கையெழுத்தில் இருந்தது. தோல் இல்லை. கண்ணை வைத்துக்கொண்டு தோலை விட்டிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பயமூட்டுகிற விஷயம். வேண்டுமென்று செய்திருந்தால் ஒரு நியாயமாவது கற்பித்திருப்பேன்.

இத்தனைக்கும் நான் கறுப்பு. என் அண்ணன் கறுப்பு. அவன் மகளும் கறுப்பு. சிறுவயதில் வெள்ளிக்கிழமைதோறும் என் முகத்தில் கடலை மாவும் பாலேடும் பூசப்பட்டன. எனக்கு வந்த வரன்களில் இரண்டு, நிறத்தைச் சொல்லித் தட்டிப்போயின. இந்த அநியாயத்தைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறேன். ஆனால் ஒரு புத்தகத்தில் கறுத்த சிறுமி ஒருத்தி வந்தபோது நான் அவளை வெளுப்பாக்கித்தான் நேசித்திருக்கிறேன்.

இந்தத் தவறு எனக்கு மட்டும் உரியதல்ல என்பது பின்னால் தெரிந்தது. 2012 மார்ச்சில் படம் வெளியானபோது, நாவலை ரசித்துப் படித்த அமெரிக்க இளைஞர்கள் சிலர் ட்விட்டரில் தங்கள் ஏமாற்றத்தைப் பகிரங்கமாக எழுதியிருக்கிறார்கள். ரூ ஏன் கறுப்பாக இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். கறுப்பு என்று தெரிந்த பிறகு அவளுடைய சாவு முன்போல வருத்தம் தரவில்லை என்று எழுதியவர்களும் உண்டு. பத்திரிகைகளில் இது பெரிய கண்டனத்துக்கு உள்ளாயிற்று. இனவெறியர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். என்னால் முடியவில்லை. அவர்கள் செய்த தவறில் முதல் பாதி என்னுடையதும்தான். இரண்டாம் பாதி? படத்தில் ரூ சாகும்போது எனக்குக் கண் கலங்கியதா என்று யோசித்துப் பார்க்கிறேன். பக்கத்தில் இருந்தவள் முகத்தைப் பார்க்க முடியாத சங்கடம் நினைவிருக்கிறது. அழுதது நினைவில்லை. நினைவில்லை என்பதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதியிருந்த நிறம் எப்படி மறைந்தது? நாவலிலேயே ஒரு காரணம் இருக்கிறது. ரூவைப் பார்த்ததும் காட்னிஸுக்குத் தங்கை ப்ரிம்மின் நினைவு வருகிறது, அதே உருவம், அதே சாயல் என்று. ப்ரிம் பொன்னிற முடியும் நீலக் கண்ணும் உடையவள். குழந்தைமை, கள்ளமின்மை, காப்பாற்றப்பட வேண்டியது என்ற உணர்வுகளெல்லாம் முதலில் ப்ரிம்மின் மேல் ஏற்றப்படுகின்றன. ரூவிடம் அவை வந்து சேரும்போது ப்ரிம்மின் நிறத்தையும் எடுத்துக்கொண்டே வருகின்றன. கள்ளமின்மைக்கு ஒரு நிறம் உண்டு என்று மனம் எப்போதோ முடிவு செய்துவிட்டது. கண் படித்ததை மனம் திருத்திவிட்டது.

அந்த மனம் வானத்திலிருந்து விழவில்லை. அமெரிக்கக் குழந்தைப் புத்தகங்களின் உலகம் முழுக்க வெள்ளை என்று நான்ஸி லாரிக் எழுதியது 1965இல். மூன்று வருஷங்களில் வெளியான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஏழு சதவீதம்கூடக் கறுப்பர்களைக் காட்டவில்லை என்று கணக்குக் காட்டினார். இருபது வருஷம் கழித்து, 1985இல், விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் புத்தக மையம் எண்ணிப் பார்த்தபோது, அமெரிக்காவில் அவ்வருஷம் வெளியான சுமார் 2,500 புத்தகங்களில் கறுப்பர்கள் எழுதியவை அல்லது படம் வரைந்தவை 18 மட்டுமே. இங்கிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்த புத்தகங்களைத்தான் எங்கள் பள்ளி நூலக அலமாரியில் நான் படித்தேன். தமிழ்ப் பத்திரிகைத் தொடர்கதைகளின் நாயகிகளும் சித்திரக்காரர் கையில் சிவப்பாகத்தான் இருந்தார்கள். என் கண்ணைத் தயாரித்ததில் இரண்டுக்கும் பங்குண்டு.

குழந்தைகளுக்குப் புத்தகம் ஒரு கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று ரூடின் ஸிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். தன் முகம் தெரியக் கண்ணாடி, பிறர் வாழ்க்கை தெரிய ஜன்னல். நல்ல உருவகம். பிறகு அதுவே ஒரு கோஷமாகிவிட்டது. கண்ணாடியை எதிரில் வைத்த பிறகும் தன் முகம் தெரியாதவர்களை என்ன செய்வது என்று கோஷத்திடம் பதில் இல்லை.

என் நோட்டில் இன்னொரு சொல்லும் இருந்தது. காட்னிஸுக்கு ஆலிவ் நிறத் தோல், நேரான கறுத்த முடி, சாம்பல் நிறக் கண்கள் என்கிறது நாவல். நான் மாநிறம் என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல் நம் வீடுகளில் என்ன வேலை செய்கிறது என்பது பெண் பார்க்கும் படலத்தில் உட்கார்ந்து எழுந்த எவருக்கும் தெரியும். கறுப்பு என்று சொல்ல மனமில்லாதவர் சொல்வது மாநிறம். சிவப்பு என்று சொல்லத் துணியாதவர் சொல்வதும் அதுவே. ஆலிவும் அப்படி இரண்டு பக்கமும் சாயும் சொல். 2011இல் காட்னிஸ் வேடத்துக்கு நடிகை தேடியபோது வெள்ளையினப் பெண்களையே கேட்டு அறிவிப்புச் செய்தார்கள் என்பது செய்தியாக வெளிவந்தது. ஜெனிஃபர் லாரன்ஸ் தேர்வானார். பொன்னிற முடிக்குக் கறுஞ்சாயம் ஏற்றினார்கள். அந்தத் தேர்வு எனக்கு ஒரு கணமும் உறுத்தவில்லை. ரூவின் கறுப்பு உறுத்திற்று.

பெண் என்ற விஷயத்தில் காலின்ஸ் விழித்துக்கொண்டுதான் எழுதியிருக்கிறார். தகப்பன் சுரங்க விபத்தில் போன பிறகு வில்லெடுத்து வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பது மகள். உடன் வரும் பீட்டா ரொட்டிக் கடைக்காரர் மகன், கேக்கின் மேல் பூ வேலை செய்யத் தெரிந்தவன். அவன் காயம்பட்டுக் கிடக்க, அவள் அவனைத் தேடிக் காப்பாற்றுகிறாள். வேடங்கள் இடம் மாறியிருப்பது மட்டுமல்ல. களத்துக்கு அனுப்பும் முன் தலைநகரத்தில் அவளுடைய உடலின் ரோமத்தை நீக்குகிறார்கள், கவுன் அணிவிக்கிறார்கள், காமிரா முன் சுழன்று காட்டச் சொல்கிறார்கள். பார்க்கிறவர்களின் பரிசுகள் வந்தால்தான் உயிர் பிழைக்கலாம் என்பதால் அவள் காதலை நடிக்கிறாள். பெண்ணாக இருப்பது என்பது ஒரு பகுதி பிறர் பார்வைக்காக நடத்தும் நாடகம் என்பதை ஒரு சிறுவர் நாவல் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இதற்காக நான் அதைப் பாராட்டியதைத் திரும்பப் பெற வேண்டியதில்லை.

ஆனால் இந்த விழிப்பு ரூவிடம் வரும்போது வேறு மாதிரி ஆகிறது. அவளுடைய பதினோராம் மாவட்டம் விளைநிலங்களின் மாவட்டம். விளைவித்ததைத் தின்றால் சவுக்கடி. இருட்டில் அறுவடை செய்யக் கொடுத்த கண்ணாடியை விளையாட ஆசைப்பட்டு வைத்துக்கொண்ட ஒரு பையனைக் கொன்றுவிட்டார்கள் என்று அவளே சொல்கிறாள். அங்கிருந்து வரும் இருவரும் கறுப்பர்கள். இது எதிர்காலம் அல்ல, அமெரிக்கத் தென்பகுதியின் பருத்தித் தோட்டங்களில் நடந்து முடிந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் துர்க்கனவாகச் சொல்லப்படுவது வேறு பிள்ளைகளின் பாட்டன் பூட்டன் கதை. அந்தக் கதையை உடலில் சுமந்து வருகிறவள் பாதியில் சாகிறாள். அவள் சாவில்தான் காட்னிஸின் கோபம் அரசியலாகிறது. பதினோராம் மாவட்டத்துக்காரர்கள் காட்னிஸுக்கு ரொட்டி அனுப்புகிறார்கள். 2009இல் வந்த இரண்டாம் பாகத்தில் அவளுக்கு மௌனமாக மரியாதை செய்கிறார்கள், அதற்காக அங்கே ஒரு கிழவர் சுடப்படுகிறார். அவர்களுடைய துக்கம் முழுவதும் அவளுடைய கல்விக்குச் செலவாகிறது.

எண்ணிக்கை வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பதினெட்டைக் காட்டிலும் நூற்றெண்பது மேல். ஆனால் எண்ணிக்கையில் ரூவும் ஒன்று என்றே பதிவாவாள். வெரோனிகா ராத்தின் 'டைவர்ஜென்ட்' (2011) நாவலில் நாயகியின் தோழி கிறிஸ்டினா கரும்பழுப்புத் தோலினள். அவளும் ஒன்று. கதை நடக்கும் நகரம் சிகாகோ. கறுப்பர் வாழும் பகுதியும் வெள்ளையர் வாழும் பகுதியும் இன்றும் பிரிந்தே கிடக்கும் நகரம். நாவலிலோ மனிதர்கள் சுபாவத்தை வைத்து ஐந்து பிரிவுகளாகியிருக்கிறார்கள். நிறம் எங்கே போயிற்று, யார் அதைத் தீர்த்தார்கள் என்ற கேள்வியே எழவில்லை. லோயிஸ் லோரியின் 'தி கிவர்' (1993) இந்த இடத்தில் நேர்மையானது. அங்கே சமூகம் வேற்றுமை எல்லாவற்றையும் ஒழித்து ஒரே சீராக்கியிருக்கிறது. வண்ணங்களைப் பார்க்கும் சக்தியே மக்களுக்குப் போய்விட்டது. மனிதத் தோலில் ஒரு காலத்தில் பல நிறங்கள் இருந்தன என்பது சிறுவன் ஜோனாஸுக்கு ஒரு புதிய செய்தி. நிறம் இல்லாமல் போவதற்கு ஒரு விலை உண்டு என்றாவது அந்த நாவலுக்குத் தெரியும்.

என் கண்ணைப் பிடித்து நிறுத்தியது வேறொரு புத்தகம். இங்கிலாந்தின் மலோரி பிளாக்மேன் 2001இல் எழுதிய 'நாட்ஸ் அண்ட் கிராஸஸ்'. அதில் கறுத்தவர்கள் ஆள்கிறவர்கள், வெளுத்தவர்கள் நேற்றுவரை அடிமைகள். ஆளும் வர்க்கத்து அரசியல்வாதியின் மகள் ஸெஃபி, வெள்ளைப் பையன் காலம். படித்துக்கொண்டே போகையில் என் மனம் வழக்கப்படி இருவர் நிறத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தது. ஒரு வெள்ளைப் பெண்ணின் நெற்றிக் காயத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. கரும்பழுப்புப் பிளாஸ்திரி. அவள் தோலில் அது எடுப்பாகத் தெரிகிறது. கடையில் வேறு நிறத்தில் கிடைப்பதில்லை. அங்கே நின்றுவிட்டேன். நாற்பது வருஷமாக என் கையிலும் காலிலும் ஒட்டிய பிளாஸ்திரி எல்லாம் யாருடைய தோலின் நிறம் என்று அதுவரை நான் கேட்டுக்கொண்டதில்லை. பாத்திரத்தைக் கறுப்பாக்குவது ஒன்று. எது இயல்பு என்று உலகம் வைத்திருக்கிறதோ அதைத் தலைகீழாக்குவது வேறு. முதலாவதை என் கண் தாண்டிப் போய்விட்டது. இரண்டாவதைத் தாண்ட முடியவில்லை.

அன்றிரவு படம் முடிந்த பிறகு அண்ணன் மகளிடம் கேட்டேன், அந்தப் பக்கம் எப்படித் தேடாமல் கிடைத்தது என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இங்கிலீஷ் புத்தகத்துல என் கலர்ல ஒருத்தியை அங்கேதான் அத்தை முதல்ல பார்த்தேன். அதான் பக்கம் ஞாபகம். பார்த்துக் கொஞ்சம் பழகுறதுக்குள்ள செத்துட்டா" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் அழுதது யாருக்காக, அவள் அழுதது யாருக்காக என்று மட்டும் அப்போது தெரிந்தது. ஒரே புத்தகத்தில் நாங்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு சிறுமிகளை இழந்திருந்தோம்.

வருஷங்கள் கழித்து, 2024இல், அவளுக்கு நான் ஒரு நாவல் அனுப்பினேன். ஆக்டேவியா பட்லரின் 'பாரபிள் ஆஃப் த ஸோவர்'. லோரியின் நாவல் வந்த அதே 1993இல் வெளியானது. பதின்வயதினருக்கென்று வெளியிடப்பட்டதல்ல, ஆனால் கதை தொடங்கும்போது நாயகி லாரனுக்குப் பதினைந்து வயது. கறுப்புப் பெண். அவள் நாட்குறிப்புத் தொடங்குவது 2024 ஜூலையில். பட்லர் 2006இல் காலமானார். அவர் கற்பனை செய்த வருஷம் அவர் இல்லாமல் வந்து போய்விட்டது. கலிஃபோர்னியாவில் தண்ணீர்ப் பஞ்சம், வேலையில்லை, மதில் சுவருக்குள் ஒடுங்கிய குடும்பங்கள். மதில் ஒருநாள் விழுகிறது. லாரன் ஆண் வேடமிட்டு நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடக்கிறாள், வழியில் பல நிறத்தவரும் அவளோடு சேர்கிறார்கள். பிறர் வலியைக் கண்ணால் பார்த்தாலே தன் உடலில் உணரும் ஒரு கோளாறு அவளுக்கு உண்டு. பார்ப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடக் கடுமையான படிமம் இவ்வகை நாவல்களில் நான் கண்டதில்லை. அவள் வேறொருத்தியின் கதைக்குப் பாதை போடச் சாகிறவள் அல்ல. பாதை அவளுடையது.

லாரனின் நிறத்தை நான் தவறவிடவில்லை. இதைத் திருந்தியதற்கு அடையாளமாகச் சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் நான் தேடிக்கொண்டே படிக்கிறேன். அண்ணன் மகள் தேடாமலே பார்த்தாள். அந்த வித்தியாசம் என் ஆயுளில் அழியப்போவதில்லை.

புத்தகம் கிடைத்து ஒரு மாதம் கழித்துப் போனில் பேசினாள். வேலை, மாற்றல், அண்ணனுடைய சர்க்கரை என்று எல்லாம் பேசி முடித்து, வைக்கும்போது சொன்னாள்: "அத்தை, லாரன் சாகலை. கடைசிப் பக்கத்தை முதல்லயே பார்த்துட்டுத்தான் படிக்க ஆரம்பிச்சேன்."

பழைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வாக்கியத்தை நான் திருத்தவில்லை. தோல் விட்டுப்போன இடம் அப்படியே இருக்கிறது.